கரடிக்கு வருகைப்பதிவு

கரடி: தலையைக் கழட்டாதீங்க முயலண்ணே! கண்ணாடிக் கதவு... வெளியில குழந்தைங்க நிக்குது.

முயல்: கழட்டல தம்பி. காதைத்தான் மடக்கினேன். மின்விசிறியில மாட்டுது.

கரடி: போன மாசம் இந்தப் பொம்மைக் கடையில ஒட்டக வேஷம் போட்டிருந்தவரு தலையைக் கழட்டிட்டு டீ குடிச்சாராம். அதைப் பார்த்த ஒரு பாப்பா ரெண்டு நாள் சாப்பிடல. அன்னைக்கோட ஒட்டகத்துக்கு வேலை போச்சு.

முயல்: நான் கழட்டினா எனக்கு ரெண்டு வேலை போகும்.

கரடி: ரெண்டா?

முயல்: பகல்ல வேற ஒண்ணு இருக்கு... மாசச் சம்பளம். மாசா மாசம் வராது, அவ்வளவுதான். கூடவே மேல்படிப்பு வேற. அதுக்குக் கட்டணம் கட்டத்தான் இந்தக் காது. நீ எதுக்குக் கரடியான?

கரடி: நானும் காலேஜ் கட்டணத்துக்குத்தான். முதல்ல வங்கியில கல்விக்கடன் கேட்டேன். ஜாமீனுக்கு ஆள் வேணும்னாங்க. மாமாவைக் கூட்டிட்டுப் போனேன்.

முயல்: நல்லதாப் போச்சு...

கரடி: எங்க? மாமா அங்கேயே உட்கார்ந்து பேசி, தனக்கு ஒரு பைக் கடன் வாங்கிக்கிட்டாரு. அந்த பைக்ல இதுவரைக்கும் என்னை ஏத்தினதில்ல.

முயல்: டியூஷன் எடுக்கலாமே?

கரடி: எடுத்தேன். பையன் கணக்குல நூறு வாங்கிட்டான். ‘இனிமே அவனே படிச்சுப்பான் தம்பி’ன்னு அனுப்பிட்டாங்க. நல்லாச் சொல்லிக் குடுத்தது என் தப்பு.

முயல்: உதவித்தொகை எதுவும்...

கரடி: இடது கைக்காரங்களுக்குன்னு ஒரு அறக்கட்டளை குடுத்துச்சு. ஒரு மாசம் இடது கையில எழுதிப் பழகினேன். நேர்காணல்ல டீ நீட்டினாங்க...

முயல்: வலது கையில வாங்கிட்டியா?

கரடி: இடது கையிலதான் வாங்கினேன்! சூடு பொறுக்கல. வலது கைக்கு மாத்திட்டேன்.

முயல்: ஹா ஹா... ஐயோ, சிரிச்சா மூச்சு முட்டுது இதுக்குள்ள.

கரடி: சிரிங்க. இப்ப கடைசியா ஒண்ணுதான் பாக்கி. காலேஜே தர்ற கட்டணச் சலுகை. எல்லாம் தயார், ஒருத்தர் கையெழுத்து மட்டும் வேணும். நாளைக்குக் கடைசி நாள்.

முயல்: யார் போடணும்?

கரடி: கதவு.

முயல்: கதவு எப்படிப்பா கையெழுத்துப் போடும்?

கரடி: எங்க புள்ளியியல் சாரோட பட்டப்பேரு. மணி அடிச்சதும் வகுப்புக் கதவைச் சாத்திடுவாரு. அதுக்கப்புறம் வந்தவன் வராதவன்.

முயல்: ...கதவா?

கரடி: முதல்ல தாழ்ப்பாள்னுதான் வச்சோம். மரியாதைக் குறைவா இருக்குன்னு மாத்தினோம். ஏன் இருமுறீங்க?

முயல்: ஒண்ணுமில்ல, பஞ்சு... வாயில போயிடுச்சு. நேரத்துக்குப் போய்த் தொலைக்க வேண்டியதுதானே?

கரடி: காலையில இந்தக் கடைக் கண்ணாடியைத் துடைக்கிறதும் நான்தான். முடிச்சுட்டு ஓடினா, என் மூக்குக்கு நேரா கதவு மூடும். வருகைப்பதிவு இல்லைன்னா சலுகை இல்ல. சலுகை இல்லைன்னா படிப்பு இல்ல. முழுநேரக் கரடிதான்.

முயல்: இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே.

கரடி: அவர் முகத்தைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது. உங்ககிட்டன்னா தானா வருது. முன்பல் ரெண்டும் சிரிச்ச மாதிரியே இருக்கு.

முயல்: கதவைச் சாத்தினதும் நேரா கேன்டீனுக்குத்தானே போவ?

கரடி: இல்லண்ணே. வராண்டாவுல நின்னு, காதை ஒட்ட வச்சு முழுசாக் கேட்டுட்டுத்தான் போவேன்.

முயல்: சும்மா அளக்காத. எங்க சொல்லு பார்ப்போம், சராசரின்னா என்ன? இடைநிலைன்னா என்ன?

கரடி: முதலாளி, நீங்க, நான். மூணு பேர் வருமானத்தையும் கூட்டி மூணால வகுத்தா, நாம எல்லாருமே பணக்காரங்க. அது சராசரி.

முயல்: இடைநிலை?

கரடி: மூணு பேரையும் வருமானப்படி வரிசையா நிறுத்தி, நடுவுல நிக்கிறவர் பையைத் தடவணும். நீங்கதான் நடுவுல. காது கனத்துக்குன்னு என்னைவிடக் கொஞ்சம் கூடத் தர்றாங்களே... ஊர் நிலவரம் உங்க பையிலதான் தெரியும்.

முயல்: அடப்பாவி! உள்ள உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்கும் இது தெரியாதுடா!

கரடி: எங்க உள்ள?

முயல்: அது... பொதுவாச் சொன்னேன். பாரு தம்பி, அந்தக் கதவு... அந்த சார்... அவரும் தற்காலிக ஆளா இருக்கலாம். மேலிடத்துக்காரங்க வராண்டாவுல நடக்கிறப்போ வகுப்பு அடக்கமா இருக்கணுமேன்னு சாத்தலாம். வேலை போயிடுமோங்கிற பயம் அவருக்கும் இருக்காதா?

கரடி: இருக்கும்ணே. அதான் அவர் மேல எங்களுக்குக் கோபமே இல்ல. பேரை மட்டும் மாத்தல.

மேனேஜர்: கரடி! முயல்! உள்ள என்ன மாநாடா நடத்துறீங்க? பலூனுக்குக் கூட்டம் சேர்ந்திருச்சு, வாசலுக்கு வாங்க!

முயல்: இதோ வர்றோம்! ...தம்பி, நாளைக்கு அந்தத் தாளை எடுத்துட்டுப் போ. கண்ணாடியை நிதானமாத் துடைச்சுட்டே போ. கதவு திறந்திருக்கும்.

கரடி: கையெழுத்து?

முயல்: விழும்.

கரடி: ரொம்ப நன்றி சார்.

முயல்: இருக்கட்டும், இருக்கட்டும். வால் அவிழுது பாரு, திரும்பு, ஊக்கு மாட்டுறேன்... இரு. சாரா?

கரடி: திரும்பிட்டேன் சார், மாட்டுங்க.

முயல்: டேய். எப்பலேர்ந்துடா தெரியும்?

கரடி: நீங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சார். குழந்தைங்க பலூனுக்கு அடிச்சுக்கிட்டாங்களே... நீங்க சத்தமா, ‘பேசாம நில்லுங்க, இன்னைக்கு வராதவங்க கை தூக்குங்க’ன்னீங்க. பழக்கதோஷம் சார்... நான் தூக்கிட்டேன்.