ஃபோங் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால்

நாள் முழுக்க நின்று பிழைப்பவர்கள் காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும், ஐயா. மதியத்துக்குள் பாதம் வீங்கிவிடும். சீனாவின் மக்காவ் நகருக்குச் சூதாட்ட விடுதி வேலை தேடி வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பெரிய புள்ளிகள் சீட்டாடும் தனியறையில் உபசரிப்பது என் வேலை. தேநீர் ஊற்றுவேன், கழற்றிய கோட்டை வாங்கி மாட்டுவேன், அவரவர் மருந்தைப் பத்திரமாக வைத்திருப்பேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஃபோங் முதலாளியின் நெஞ்சுவலி மாத்திரை என் சட்டைப்பையில்தான் இருக்கும். ஜெயிக்கிறவரைச் சுற்றி எதையும் மாற்றக் கூடாது, அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். குடித்த கோப்பையைக் கழுவக் கூடாது. தோளைத் தொடவே கூடாது. பின்னால் நிற்பவள் நகரக் கூடாது.

புத்தாண்டுக்கு முந்தைய வாரம் என் தங்கை மருத்துவமனையிலிருந்து விடுதிக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று மேலாளர் வந்து காதில் சொன்னார். குனிந்து முதலாளியிடம் அனுமதி கேட்டேன்.

"எங்க போற? வரிசையா ஜெயிச்சுக்கிட்டிருக்கேன், கண்ணு தெரியலையா? ஒங்கம்மா எங்க ஓடிடப் போறாங்க? அப்படியே நில்லு, ஆ-கிட்."

மேலாளரும் நில் என்று கண்ணைக் காட்டினார். நின்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். கடைசிவரை என்னைத்தான் கேட்டாளாம். ஆனால் முதலாளி மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேலை என்றால் அப்படித்தான்.

போன வியாழக்கிழமை அவருக்கு மறுபடி அதிர்ஷ்டம் திரும்பியது. சீட்டின் ஓரத்தை மெல்ல மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஆ-கிட், மாத்திரை குடு."

தோளில் படாமல் குனிந்தேன். "ஜெயிச்சுக்கிட்டிருக்கீங்க முதலாளி. இப்பப் போய் எதையும் மாத்த வேணாம். இந்த ஆட்டம் முடியட்டும்."

எதிரே இருந்த நகைக்கடைக்காரி சிரித்தாள். "கெட்டிக்காரப் பொண்ணுய்யா. பேசாம சீட்டைத் திருப்பு. ஒன் சீட்டை நம்பித்தான் நானும் பணம் கட்டியிருக்கேன்."

அவரும் சீட்டைத்தான் பார்த்தார், ஐயா. அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. அடுத்த முறை கேட்டபோது குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வலது கையைப் பையிலேயே வைத்திருந்தேன். மாத்திரைக் குப்பி உள்ளங்கையில் சூடேறியிருந்தது. சீட்டைத் திருப்பினார். ஒன்பது, இந்த ஆட்டத்தில் அதற்கு மேல் எண் இல்லை. மேசையே ஆர்ப்பரித்தது, அந்தச் சத்தத்தில் அவர் சரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிப்பதற்குள் உயிர் போயிருந்தது.

வழக்கத்தைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அசையாமல் நின்றேன்.

கேமராப் பதிவை விசாரணைக்கு எடுத்து நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். சரிவதற்கு முன் அவர் கை பின்னால் நீண்டு என் சட்டைப்பையைத் தேடியது. அப்போது மட்டும் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன்.