ஜப்பான் பெட்டியும் இரண்டு செங்கல்லும்

கம்பம் ஊரில் கரண்டு மட்டும் ஒழுங்காக வந்திருந்தால் என் கடைக்கு வேலையே இருந்திருக்காது ஐயா. ஏறும், இறங்கும், சொல்லாமல் போகும், போனதைவிட வேகமாகத் திரும்பி வரும். ஊரில் இருக்கிற டிவி, ஆம்ப்ளிஃபயர், மிக்ஸி எல்லாம் என்றைக்காவது என் மேஜைக்கு வந்தே தீரும். இந்த அம்மாவாசி கையில் கொடுத்தால் பொருள் பிழைத்துவிடும் என்று ஒரு பேர் உண்டு. போன வருஷம் உங்கள் ஸ்டேஷன் மைக்கைக்கூட என்னிடம்தான் அனுப்பினீர்கள். அது நன்றாகப் பேசுகிறதா?

சரி, கேட்டதற்கு வருகிறேன். வீட்டுப் பின்பக்கம் தீ வைத்தது யார் என்று கேட்டீர்கள். வைத்தது என் மாப்பிள்ளை வேல்பாண்டிதான், என் தங்கை சந்தனம்மாளின் புருஷன். மண்ணெண்ணெய் ஊற்றியது அவன், குச்சி கிழித்தது அவன். ஆனால் அவனை அடுத்த அறையில் உட்கார வைத்துத் துருவிக்கொண்டிருப்பதில் உங்களுக்கு நேரம்தான் வீண். செய்தது நான். நிதானமாகச் சொல்கிறேன், ரைட்டரை மெதுவாக எழுதச் சொல்லுங்கள்.

வேல்பாண்டி மெல்லிசைக் குழு நடத்துகிறவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கேரளா எஸ்டேட் கிளப் என்று இந்தப் பள்ளத்தாக்கில் அவன் வாசிக்காத இடம் இல்லை. அவன் குழுவுக்கு மவுசு அவன் விரலால் வந்ததல்ல, அவனிடம் இருந்த கீபோர்டால் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்தது. குமுளிக்கு மேலே ஒரு கிளப்பில் தூசி அடைந்து கிடந்ததை வாங்கி வந்தான். இரண்டு பக்கமும் மரப்பலகை, உள்ளேயே ஸ்பீக்கர், தூக்க இரண்டு ஆள் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் வாசிக்க முடியாது, கொஞ்சம் சூடேற வேண்டும். அதுவரை உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். பிறகு வயலின் சத்தத்துக்கான பட்டனைத் தட்டிவிட்டு வாசித்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை ஊரிலேயே எனக்கு மட்டும்தான் இருந்தது.

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தானே? வீரபாண்டி கோயிலில் மொட்டை போட்டு, என் மடியில் வைத்துத்தான் தங்கை மகள் அபிதாவுக்குக் காது குத்தினோம். என் வேட்டியை நனைத்துக்கொண்டு அழுதாள். தோடு நான் போட்டது. அப்பனுக்கு அந்தச் சடங்கில் பெரிய வேலை கிடையாது, பந்தி விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளையின் காது யார் பொறுப்பு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. வண்டிப்பெரியாரில் கச்சேரி. ஜீப் வாசலில் நிற்கிறது, பின்னால் பெட்டியை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியாகிவிட்டது. நாலு வயது அபிதாவுக்குச் சில நாளாகக் காய்ச்சல். அன்றைக்குக் கழுத்தைக் குனிய முடியவில்லை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சந்தனம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"பொட்டிய எறக்கி வச்சுட்டு பிள்ளைய தேனிக்குக் கொண்டுபோங்க. படுக்க வைக்க எடம் வேணும்ங்க."

"இந்த மழையில எறக்குனா பொட்டி செத்துப்போகும் சந்தனம். ஊருக்கே வந்திருக்க காச்சல்தான இது? விடிய வந்துர்றேன்."

போய்விட்டான். பிள்ளை மறுநாள் பஸ்ஸில் போனது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் தங்கியது, காது இரண்டும் போயிற்று. முந்தின நாளே வந்திருந்தால் காது தப்பியிருக்குமோ என்னவோ என்றார் டாக்டர். அந்த 'என்னவோ' எனக்குத் தேவைப்படவில்லை.

சந்தனம்மாள் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பாள். அவள் அப்படித்தான், எல்லாவற்றையும் போட்டுக் குழப்புவாள். அன்று நானும் அங்கே இருந்தேன், உண்மைதான். ரிப்பேர் முடித்துப் பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றியதே நான்தான். மழையில் இறக்கினால் உள்ளே ஈரம் ஏறி போர்டு போய்விடும் என்று சொன்னதும் நான்தான். ரிப்பேர்காரன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முடிவெடுக்க வேண்டியவன் தகப்பன். அதை எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவனுக்குப் பதிலுக்குப் பதில் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே மனதில் போட்டுவிட்டேன். ஆள் வைத்து அடிப்பது, கையை ஒடிப்பது எல்லாம் எனக்கு ஒத்து வராது. பிள்ளையின் காதை அவன் எடுத்தான், அவன் காதை நான் எடுக்க வேண்டும். தன் காதைத் தானே நம்ப முடியாத ஆளாக அவனை ஆக்கிவிட்டால் போதும். எப்படி என்பதுதான் தெரியவில்லை. வருஷங்கள் ஓடின. நான் அவன் வீட்டில் சாப்பிட்டேன், பெட்டியை ரிப்பேர் பார்த்தேன், தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் அந்த ஜப்பான்காரர்களே வழி காட்டினார்கள். பழைய பெட்டியின் சத்தம் முழுவதையும் அடைத்து ஒரு சின்ன மாடல் விட்டார்கள். அதே பெயர், அதே எழுத்து, டிபன் பாக்ஸ் அளவு. வாசிக்கிற கட்டை கிடையாது. வேறு கீபோர்டிலிருந்து வயர் இழுத்து வாசிக்க வேண்டும். போடியில் ஒரு குழுக்காரர்கள் வாங்கினார்கள். வேல்பாண்டி போய்க் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அது போட்டா மச்சான். போட்டாவுக்கு மாலை போடலாம், பேச முடியுமா? கண்ணக் கட்டி விட்டாலும் எம் பொட்டிய நான் சொல்லிருவேன்."

நியாயமாகச் சொன்னால் வித்தியாசம் உண்டுதான். பழையதில் ஒரே கட்டையை இரண்டு தரம் அமுக்கினால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. சூடு ஏற ஏறச் சுருதி கொஞ்சம் நகரும், மழைக்காலத்தில் குரல் கம்மும். புதியது நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பொறுமையாகக் கேட்க வேண்டும். வேல்பாண்டிக்கு அந்தப் பெட்டிமேல் இருந்தது பக்தி. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவன் சிலைக்கு என்ன பட்டு கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

சென்னையிலிருந்து புதிய மாடல் ஒன்றை வரவழைத்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் பெட்டி வழக்கம்போல சர்வீசுக்கு வந்தது. உள்ளே இருந்த போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, புதியதை உள்ளே வைத்து, பழைய கட்டைகளோடும் பழைய ஸ்பீக்கரோடும் இணைத்தேன். எடை குறைந்தால் தூக்கும்போது தெரிந்துவிடும், அதனால் பழைய துணியில் சுற்றி இரண்டு செங்கல் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்த வேலை அது. கழற்றிய பாகங்களை ஒரு பலகையில் பொருத்தி, கடைக்குள் இருக்கும் மர பீரோவில் வைத்துப் பூட்டினேன். சும்மா போட்டால் பாகங்கள் கெட்டுப்போகும் என்பதால் மதியத்துக்கு மேல் அதற்குக் கரண்டு கொடுத்து வைப்பேன். பீரோவுக்குள் அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். ஒரு நல்ல பொருளைச் சாகவிடும் ஆள் இல்லை நான்.

வேல்பாண்டி வாங்கிக்கொண்டு போய் வாசித்தான். கண் கலங்கினான். "முன்னைக்கு இப்ப இன்னும் கனிஞ்சிருக்கு மச்சான்" என்றான்.

அபிதாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அப்பன் காலையில் சாதகம் செய்யும்போது அவள் பெட்டியின் மரப்பலகையில் உள்ளங்கையையும் கன்னத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதிலிருந்து பழக்கம். அன்று கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்தாள். பிறகு அப்பன் சட்டையைப் பிடித்து இழுத்து, பெட்டியைக் காட்டி, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினாள். செத்துப்போனதைச் சொல்ல அவள் அப்படித்தான் காட்டுவாள். வேல்பாண்டி என்னைப் பார்த்தான்.

"மச்சான், பிள்ளை என்னமோ சொல்லுதே?"

"டிரான்ஸ்ஃபார்மர் மாத்திருக்கேன் மாப்ள. அதிர்வு கொறஞ்சிருக்கும். நல்லதுதான்."

அவள் விடவில்லை. பல நாள் அழுதாள். பலகையில் அறைந்தாள். பெட்டியை உடைக்கப் பார்க்கிறாள் என்று ஒருநாள் வேல்பாண்டி அவளை அடித்தே விட்டான். அதற்குப் பிறகு பெட்டி பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பதிலாக என்னிடம் வர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் கடை. பையைப் போட்டுவிட்டு பீரோவில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை ஐயா. மாமன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். நான் வேலை செய்வேன், அவள் கண்ணை மூடி இருப்பாள். என் ஆயுளில் அதைவிட நல்ல நேரம் எனக்கு இருந்ததில்லை.

இரண்டு வருஷம் விட்டுப் பிடித்தேன். ஒருநாள் ஏமாந்தான் என்றால் அசந்துவிட்டான் என்பார்கள். இரண்டு வருஷம் மேடைக்கு மேடை பெருமை பேசி ஏமாந்தால் அதற்கு அவன் காதைத்தானே குறை சொல்ல வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் இசைக்குழுக்காரர்கள் கூட்டம். பழைய கருவியைக் காப்பாற்றி வருகிறவன் என்று வேல்பாண்டிக்குப் பொன்னாடை. போடிக்காரர்களின் சின்ன மாடலையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் வாசித்துக் காட்டினான். "இதுல உசுரு இருக்கு, அதுல இல்ல, ஒங்க காதே சொல்லுமே" என்றான். நிறையப் பேர் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மேடையேறி வணக்கம் சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினேன். டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டினேன். பிறகு செங்கல்லை எடுத்துத் துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். செங்கல்லைப் பார்த்ததும்தான் சிரிப்பு ஆரம்பித்தது. தலையாட்டியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

வேல்பாண்டி என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

"எப்பருந்து மச்சான்?"

"ரெண்டு வருசமா."

"பிள்ளை சொல்லுச்சே மச்சான். நான் அடிச்சேனே."

அவ்வளவுதான் சொன்னான். தன் காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை வீட்டுப் பின்பக்கம் இழுத்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினான். நான் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியவன் நான்தானே. பலகை நன்றாகப் பிடித்து எரியும்போது அபிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். புகையைப் பார்த்தாள். பையை வீசிவிட்டு ஓடினாள். அவள் என்னைத் தாண்டித்தான் ஓட வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரம். நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது என்பது உங்களுக்கே தெரியும். வேல்பாண்டி முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எரிகிற பலகையை அபிதா இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து இழுத்தாள். விடவில்லை. அவள் கையைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான். பிறகு வெறும் கூட்டை எதற்குக் காப்பாற்றினாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சந்தனம்மாள்தான் ஒரு கதை சொன்னாள். பிள்ளை இரண்டு கையும் கட்டோடு படுத்திருக்கிறது. தோல் வளர்ந்துவிடும், தொட்டால் தெரியுமா என்பதைச் சொல்ல முடியாது என்றார்களாம்.

"பொட்டிக்குள்ள இருந்தது ஒன் பீரோவுக்குள்ள இருக்குண்டு ரெண்டு வருசமா கையைக் கையைக் காட்டுனாண்ணே. நாங்கதான் மாமனத் தேடுதுண்டு நெனச்சோம். திரும்பக் கொண்டாந்து வைக்க அந்தப் பலகை வேணும்லண்ணே? அதுக்குத்தான் போய்ப் பிடிச்சிருக்கு."

நான் பக்கத்தில் போனதும் அபிதா கட்டுப்போட்ட கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியாக இருக்கும்.

செய்தது அத்தனையும் நான்தான். உள்ளே மாற்றியது, மேடையில் பிரித்தது, கை எட்டும் தூரத்தில் அவளை ஓட விட்டது, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். வேல்பாண்டியை விட்டுவிடுங்கள். பீரோச் சாவி இந்தாருங்கள், பழைய பாகங்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தங்கச்சி சொன்ன அந்தக் கதையை மட்டும் எழுத வேண்டாம் ஐயா. பெற்றவள் மனக்கஷ்டத்தில் ஏதோ பேசுகிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை ஓடி வந்தது என்னைப் பார்க்கத்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.