அண்ணனின் மேல்வரிசை

ராத்திரி பல் தேய்க்காமல் படுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் முன்பல்லில் இருக்கும் டீக்கறை மேசைக்கு இந்தப் பக்கம் வரை தெரிகிறது. ஒருநாள் கிளினிக் பக்கம் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அதற்குத்தான் சீல் வைத்துவிட்டீர்களே.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வக்கீல். கோர்ட்டில் வாதாடிய மிச்சத்தை வீட்டில் கொண்டுவந்து கொட்டுவார். நான் வாயெடுத்தால் போதும், "நீ சும்மா இருடா, பல்லு புடுங்குறவனுக்கு என்ன தெரியும்" என்பார். எனக்குப் பெண் பார்த்தபோது என் சம்மதத்தையும் அவரே சொன்னார். அப்பா இறந்த அன்று அழுவதற்குக்கூட எனக்கு முறை வரவில்லை.

அப்படிப்பட்டவர் கடைவாய்ப் பல் உடைந்து என்னிடம் வந்தார். மிச்சத்தை வேரோடு எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்தேன். தாடை எலும்பில் திருகாணி மாதிரி ஒன்றைப் பதித்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் மேலே பல்லை மாட்ட வேண்டும். அதுவரை அண்ணன் வந்து போய்க்கொண்டிருந்தார். வாயில் பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிவிட்டால் வக்கீலுக்கு மறுபேச்சு ஏது? நான் பேசினேன். சின்ன வயதிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் பேசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அண்ணன் தம்பி பாசம் எனக்குப் புரிந்ததே அந்த நாட்களில்தான்.

பல்லை மாட்டிவிட்டால் அப்புறம் வரமாட்டார். அதனால் அதை மயிரிழை உயரமாக விட்டேன். சொந்தப் பல் என்றால் முதல் கடியிலேயே உறுத்தும். இம்பிளான்டுக்கு அந்த உணர்வு கிடையாது. ஒவ்வொரு கவளத்துக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒருநாள் பல் ஆடியது. நீங்கள் சரியாகத் தேய்க்கவில்லை என்று கண்டித்தேன். பாவம், அதன்பிறகு சாப்பிட்ட கையோடு பிரஷ்ஷை எடுக்கிறார் என்று அண்ணி சொன்னார்.

பக்கத்துப் பல்லும் கெட்டுவிட்டது என்றேன். கெடவில்லை. அதற்கடுத்ததும் கெடவில்லை. இப்படியே மேல்வரிசை முழுவதையும் எடுத்தேன். கோர்ட்டில் அவர் பேசியது பாதி காற்றாகப் போனது. கட்சிக்காரர்கள் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார்கள். வருத்தம்தான். ஆனால் என்னிடம் வர அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது.

அண்ணி பொறுக்க மாட்டாமல் அவரை வேறொரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அதிகப்பிரசங்கி பழைய எக்ஸ்ரேக்களைப் பார்த்துவிட்டு, எடுத்ததெல்லாம் நல்ல பல் என்று போட்டு உடைத்துவிட்டான். அண்ணன் நேராக என் கிளினிக்குக்கு வந்தார். கத்தித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ வழக்கமாகச் சாயும் சிகிச்சை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ஏண்டா இப்படிப் பண்ண?"

கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறந்ததிலிருந்து அவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கை அவர் முகத்துக்கு நேராக இழுத்தேன்.

"வாயைத் திறங்கண்ணா, சொல்றேன்."