மருந்தடிக்காத புல்தரை

புல் விதைக்கச் செப்டம்பரை விட்டால் நல்ல மாதம் கிடையாது. வெயில் தணிந்திருக்கும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும். எங்கள் ஒஹையோ மாநிலத்தில் பாதிப்பேர் ஏப்ரலில் விதைத்துவிட்டு, ஜூலை வெயிலில் புல் கருகியதும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் மண்ணைச் சோதனைக்கு அனுப்பினேன். பிறகு மக்கிய இலையுரத்தை விரல் கனத்துக்குப் பரப்பி, விதை தூவி, மேலே வைக்கோல் போட்டு, இருவேளையும் நனைத்தேன். ரசாயனம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. மூன்று வருடத்தில் மண்வெட்டியை எங்கே வைத்தாலும் மண்புழு நெளிந்தது.

களையும் இருந்தது, மறுக்கவில்லை. என் மனைவி லோரெட்டாவுக்கு அதுதான் உறுத்தல். "வெண்டல், தெருவுல எல்லார் வீட்டுப் புல்லும் கம்பளமா இருக்கு, நம்மளுது மட்டும் சொறி புடிச்ச நாய் மாதிரி இருக்கு. புழுவுக்குக் கொடுக்கிற மரியாதையை எனக்கும் கொஞ்சம் கொடேன்" என்பாள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் மே மாதம் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், களைக்கொல்லி அடிக்கிற ஆளை அவள் வரவழைத்துவிட்டாள். திரும்பி வந்தபோது புழுக்கள் மேலே வந்து காய்ந்து கிடந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. லோரெட்டா பயந்துபோனாள். "தப்புதான் வெண்டல். இனிமே உன் புல்லைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்" என்றாள். மன்னித்துவிட்டேன் என்றேன்.

செப்டம்பரில் மறுபடி விதைத்தேன். இம்முறை புல்லோடு க்ளோவரும் கலந்தேன். மூன்று இலை விட்டுப் படரும் செடி, அதன் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். ஜூனில் வெள்ளையாகப் பூக்கும். தேனீக்களுக்கு அந்தப் பூ என்றால் உயிர்.

லோரெட்டாவுக்குத் தேனீ ஆகாது. ஒரு கொட்டு போதும், தொண்டை அடைத்துவிடும். அதற்கான அவசர ஊசி பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பையில் தொங்கும்.

"இந்தப் பூவுக்குத் தேனீ வராதா?" என்று இந்த ஜூனில் பூத்ததும் கேட்டாள். காலையில் வராது என்றேன். பூவை வெட்டிவிடச் சொன்னாள். புல்லை உயரமாக விட்டால்தான் வேர் ஆழமாகப் போகும் என்று விளக்கினேன். துணி காயப்போடப் புல்தரையைத் தாண்டித்தான் போகவேண்டும். மண் இன்னும் இளக்கமாக இருக்கிறது, செருப்புக்காலோடு மிதித்தால் இறுகிவிடும் என்றேன். புல்லையும் மண்ணையும் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான்.

"சரி மகாராஜா, செருப்பைக் கழட்டியாச்சு. தொப்பியையும் கழட்டணுமா?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு இறங்கினாள். என்னைச் சமாதானப்படுத்த அந்த ஒரு வருடமாக அவள் நிறைய முயன்றாள்.

பதினோரு மணி இருக்கும். தொண்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஊசி என் சட்டைப்பையில் இருந்தது. காலையிலேயே எடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அந்தக் கை கீழே விழுந்து பத்து நிமிடம் ஆன பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன், ஐயா. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த மண்ணில் விஷம் வைத்தவள் அவள். நான் வெறும் விதைதான் போட்டேன்.