பின்கயிறு

பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அவ்வளவுதான் பாக்கி. நேரம் மாலை ஆறே முக்கால்... இருட்டு கட்டிவிட்டது. மேட்டு விடுதியிலிருந்து படகுத்துறைக்கு இறங்குகிற பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்மோடு கம்பி கட்டுகிறவனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. மூட்டை தூக்குகிற மனுஷர். கதை கட்டிச் சொல்லத் தெம்பு இல்லாதவர்.

அது கார் ஓடாத தீவு. ஸ்கூட்டர்கூடக் கிடையாது. சாமான் எல்லாம் கைவண்டியில்தான். அங்கே வண்டி இழுப்பவன் அவருடைய பழைய கூட்டாளி, பல்லன். எந்நேரமும் இளிப்பதால் அந்தப் பேர். மனைவியின் தோட்டை அடகு வைத்துத்தான் அவனுக்குக் கடன் கொடுத்திருந்தார். மூன்று வருஷம். அடுத்த வாரம் மீட்காவிட்டால் தோடு ஏலத்துக்குப் போய்விடும்.

"அண்ணே, ஒரு நாள் தீவைச் சுத்திப் பாக்க வாங்க. சாயங்காலம் கையில காசோட அனுப்பி வைக்கறேன்" என்றான் பல்லன்.

போனார். அவனும் குறை வைக்கவில்லை. கரையெல்லாம் காட்டினான். வயிறு முட்டச் சோறு வாங்கிக் கொடுத்தான். பொழுது சாயும்போதுதான் தலையைச் சொறிந்தான்.

"ஒரே ஒரு நடைண்ணே. பழுதான ஐஸ் பெட்டி ஒண்ணு, கடைசிப் படகுக்கு இறக்கணும். கூலி வாங்கினதும் உங்க கணக்கை முடிச்சுடறேன்."

"விருந்துக்கு வந்தவனை வண்டியில பூட்டறியேடா!"

"உங்க தோள் சும்மா இருந்தா துருப்பிடிச்சிடும்ண்ணே."

சிரித்துக்கொண்டே போய் முன்னால் கைப்பிடியைப் பிடித்தார். பல்லன் பின்னால் போனான்.

இறக்கத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் முன்னால். இன்னொருவன் பின்கயிற்றைப் பிடித்து, வண்டி பாயாமல் இழுத்துக்கொண்டே வரவேண்டும். முன்னால் போகிறவன் திரும்பக் கூடாது. திரும்பினால் சக்கரம் பள்ளத்தில். அதனால் பின்னால் இருப்பவன் பத்தடிக்கு ஒருதரம் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். அந்த ஒரு சொல்லில்தான் முன்னால் போகிறவன் உயிர் இருக்கிறது.

முதல் வளைவில்... வண்டி ஒரு குதி குதித்தது. ஐஸ் பெட்டியின் மூலை அவர் முதுகில் வந்து இடித்தது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாரம் நின்றது. மெல்லப் பின்வாங்கியது.

"இருக்கேன்."

"எருமை! கை வழுக்கிடுச்சா?"

பத்தடி போனபின்... "இருக்கேன்."

குரல் கரகரவென்று இருந்தது. தண்ணீரில் ஊறிய கயிற்று வாசனை வந்தது. சக்கரம் கிரீச்... கிரீச்... கூடவே செருப்புச் சத்தம். ஒரு ஜோடிச் செருப்பு. அது தன்னுடையது மட்டும்தான் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ஆனால் பிடி இருக்கிறதே, அப்படி ஒரு பிடி! வெட்டி இழுக்கவில்லை, தளரவில்லை. தாய் பிள்ளையைப் பிடிப்பதுபோல. இருபது வருஷத்தில் அவருக்குப் பின்னால் இப்படி யாரும் பிடித்ததில்லை. மனசு இளகிவிட்டது.

"டேய், பாதிக் காசு குடு போதும். தோட்டை எப்படியாவது மீட்டுக்கறேன். உன் மேல சந்தேகப்பட்டுட்டேன்டா" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கேன்."

கடைசி வளைவு திரும்பினால் படகுத்துறை விளக்கு. அங்கே யாரோ ஓவென்று அழுகிற சத்தம். அழுகிறவன் தோளைப் படகுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் மார்பில் அடித்துக்கொண்டான்.

"கயிறு அறுந்துடுச்சுய்யா! எங்கண்ணன் வண்டிக்கு அடியில போயிட்டாரு! என் கண்ணு முன்னாலயே போயிட்டாரு!"

பல்லன்.

வளைவில் கயிற்றை விட்டுவிட்டு, குறுக்குப் படிக்கட்டு வழியாக ஓடிவந்திருக்கிறான். நடக்காத சாவுக்கு... ஆளுக்கு முன்னால் வந்து அழுதுகொண்டிருக்கிறான். கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வண்டியை நிறுத்தினார். பல்லன் வாய் திறந்தபடி அப்படியே நின்றது.

படகுக்காரர் பார்த்தது பல்லனை இல்லை. வண்டிக்குப் பின்னால்.

"பெரியவரே... கயிறு ஏன் அப்படி நிக்குது?"

திரும்பினார். பின்கயிறு அறுபடவில்லை. இடுப்பு உயரத்தில், விறைப்பாக, இருட்டுக்குள் நீண்டிருந்தது. அந்த முனையில் யாரும் இல்லை. பிறகு, வேலை முடிந்தவன் கீழே வைப்பதுபோல... மெதுவாகத் தரையில் இறங்கியது.

மூச்சுவிடாமல் படகில் ஏறினார். படகுக்காரர் மோட்டாரைக் கிளப்பினார்.

"அண்ணே! என்னையும் ஏத்திக்கோங்க! காசு இருக்குண்ணே, காலையிலேர்ந்தே மடியிலதான் இருக்கு!" பல்லன் நோட்டுக் கட்டை எடுத்து நீட்டினான். படகுக்கும் அவனுக்கும் நாலு அடி. எட்டி வைத்தால் ஏறிவிடலாம்.

அவர் கை நீட்டவில்லை. மனைவியின் வெறும் காது கண்ணில் வந்து போனது.

"நீயே வச்சுக்கோ. தீர்ந்துச்சு. பதினோராயிரத்து முந்நூத்தம்பதும் தீர்ந்துச்சு. இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது."

படகு நகர்ந்தது. பல்லன் நடந்துகொண்டுதான் இருந்தான். அவன் செருப்பு துறைப் பலகையில் சரக், சரக் என்று தேய்ந்தது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி வரவில்லை. சட்டை மட்டும் வயிற்றில் இறுகி, முதுகுப் பக்கம் கொத்தாகப் பின்னால் இழுபட்டிருந்தது.