குளிரின்றி நடுங்குவது

செவ்வாய், வியாழன் மாலைகளில் ஸ்காபரோவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் சீன மொழி வகுப்புக்கு நான் எப்போதும் இருபது நிமிடம் முன்னதாகவே போய்விடுவேன். அந்த நேரத்தில் குறிப்பேட்டில் அன்றன்று நடந்ததை எழுதுவேன். அந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன், திரு. ஜனார்த்தன்.

சச்சிதானந்தன் அண்ணையின் சட்டத்தரணியாக நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: தன் அகதி வழக்கு விசாரணைக்கு அவர் ஏன் போகவில்லை? பதில் சிறியது. ஆனால் சிறிய பதில்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதையாவது விட்டுவிட்டேனோ என்று பிறகு சந்தேகம் வரும்.

நான் யூனியன்வில்லில் வீடு விற்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் சீனர்கள். மரியாதையான சீனத்தில் கடிதம் எழுதத் தெரிந்தால் பதவி உயர்வு உண்டு என்றார்கள். மாலை வகுப்பில் சேர்ந்தேன். அக்டோபரில் தாவ் ஆசிரியை, பயத்தைக் குறிக்கும் எழுத்து வழக்குச் சொற்கள் பதினொன்றைக் கொடுத்தார். பேச்சுக்கு ஒன்றே போதுமாம். படித்தவர்கள்தான் இத்தனை வகையாகப் பயப்பட வேண்டியிருக்கிறது போலும். வீடு விற்பதற்குப் பயம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ரொறொன்ரோவில் வீட்டு விலை எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் நாம் கண்ணால் கண்டதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். என் முதல் வாக்கியத்தில் ஒரு கரடி வந்தது. "கரடியை எங்கே கண்டாய், பேருந்திலா?" என்று ஆசிரியை கேட்டார். வகுப்பு சிரித்தது. அன்று குறிப்பேட்டில், 'எனக்குப் பயம் தெரியாது, இங்கே பிறந்தவள்' என்று எழுதியிருக்கிறேன். பயந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நல்லவேளையாக, எங்கள் பேஸ்மென்டில் சச்சி அண்ணை குடியிருந்தார்.

மனைவியையும் இரண்டு மகள்மாரையும் கிளிநொச்சியில் விட்டு வந்தவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தபாலில் எது வந்தாலும் மேலே கொண்டுவருவார்.

"தங்கச்சி, உதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நல்லதோ, கெட்டதோ?"

அன்று வந்தது பல் வைத்தியர் ஒருவரின் விளம்பரம். வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு இருமல் வந்தது. அந்த அரை நிமிடத்தில் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். உதடு காய்ந்துபோனது. ஹுவாங்கோங்: அதிகாரத்தின் முன் நிற்பவனின் கலக்கம். பட்டியலில் மூன்றாவது சொல்.

"பல்லு டொக்டரின்ர விளம்பரம், அண்ணை."

"அட, கனடாவில என்ர பல்லுக்கு இவ்வளவு மரியாதையோ!"

இருவரும் சிரித்தோம். நான் அதை வாக்கியமாக்கினேன். தாவ் ஆசிரியை வகுப்பில் உரக்க வாசித்து, நல்ல வாக்கியத்துக்கு அடையாளமாகப் பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் சிவப்பு வட்டம் போட்டதில்லை.

அடுத்த கடிதத்துக்கு நானே இருமினேன். அதற்கடுத்ததை இரண்டு தரம் வாசித்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பொய் எதுவும் சொல்லவில்லை. எட்டாவது சொல்லுக்குத்தான் சொல்ல வேண்டி வந்தது. பு ஹான் அர் லீ: குளிரின்றி நடுங்குவது. நவம்பரில் பேஸ்மென்டில் ஒருவர் நடுங்கினால் காரணம் குளிரா பயமா என்று எப்படித் தெரியும்? ஆகவே ஹீற்றரை இருபத்துநாலில் வைத்தேன். பிறகு சுகாதார அட்டைக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஆரோ வீட்டை வந்து விசாரிப்பினமாம்."

"எப்பவாம்?"

"அது போடேல்லை."

"அப்ப எந்த நேரமும் வரலாமோ, தங்கச்சி?"

"வரலாம், அண்ணை."

ஐந்து நாள், வேலை முடிந்து வந்து சப்பாத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். "உந்தாளுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று அம்மா தேத்தண்ணி கொடுத்தனுப்பினா. கோப்பை தட்டில் அடிக்கும் சத்தம் மேலே கேட்டது. பேஸ்மென்டில் நல்ல சூடு. எட்டாவது வாக்கியத்துக்கு இரண்டு வட்டம்.

விசாரணைத் தேதிக் கடிதம் அந்த வாரம்தான் வந்தது. இரண்டு வருடமாக அவர் காத்திருந்த கடிதம். தேதி தெரிந்தால் மனிதர் ஆறிவிடுவார். எனக்கோ இன்னும் மூன்று சொற்கள் மீதி. சீன வகுப்புச் சோதனை முடிந்ததும் கொடுக்கலாம் என்று குறிப்பேட்டுக்குள் வைத்தேன். விசாரணை டிசம்பர் மூன்று, சோதனை டிசம்பர் பன்னிரண்டு. இதை நான் கவனிக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். சரியாகச் சொன்னால், கவனித்தேன். ஏன் வரவில்லை என்று விளக்கக் கடைசி வாய்ப்புத் தந்து இன்னொரு கடிதம் வந்தது. அதைக் கொடுத்தால் முதல் கடிதம் எங்கே என்று கேட்பார். அதையும் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மாலையும் கேட்டார். "எனக்கு ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லை, அண்ணை."

"வராட்டி நல்லம்தானே?"

"ஓம், நல்லம்தான்."

சோதனையில் தொண்ணூற்றுநாலு. பதவி உயர்வும் கிடைத்தது.

வழக்கை அவர் கைவிட்டதாக முடிவு செய்து, பெப்ரவரியில் அவரைக் கொண்டுபோகக் குடிவரவு அதிகாரிகள் வந்தபோது மொழிபெயர்த்தது நான்தான். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?" இல்லை என்றேன். அது உண்மை. அவருடைய பிழை எதுவும் இல்லை. கடிதங்களை மறைத்தவள் நான்.

போன திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள். அழைப்பு அவர் கைக்குச் சேரவில்லை என்று வீட்டில் ஒருவர் எழுதித் தந்தால் நாடுகடத்தலை நிறுத்தக் கேட்கலாம், புதனுக்குள் வேண்டும், வெள்ளி விமானம் என்றீர்கள். செவ்வாய்க்கிழமையே ஒரு வரைவு முடிந்துவிட்டது. வாசித்துப் பார்த்தபோது வருத்தம் சரியாக விழவில்லை என்று பட்டது. வியாழன் வகுப்பில் தாவ் ஆசிரியை புதிய பட்டியல் தொடங்குவதாக இருந்தார்: மன்னிப்புக் கேட்பதற்கான எழுத்து வழக்குச் சொற்கள், ஒன்பது. அவற்றைப் படித்துவிட்டு எழுதினால் செம்மையாக வரும் என்று காத்திருந்தேன்.

இன்று ஞாயிறு. அவர் போய்ச் சேர்ந்தாரா என்று அவருடைய மனைவி அம்மாவுக்கு மூன்று தரம் போன் எடுத்துவிட்டா. அங்கே விமான நிலைய வாசலில் காத்து நின்றும் அவர் வெளியே வரவில்லையாம். இரண்டு கடிதங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்த வரைவு எனக்குத் திருப்தி. அவசரப்பட்டு எழுதியிருந்தால், அது சச்சி அண்ணைக்கு நான் செய்த அநியாயமாகப் போயிருக்கும்.