ஏணியை வெல்டிங்குக்கு அனுப்பிய நாள்

அந்த நாற்காலியில் உட்காராதே, தாயி, அதற்கு ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலை எடுத்துக்கொள். கல்யாணிலிருந்து காலை லோக்கலில் நின்றுகொண்டே வந்திருப்பாய், கால் கடுக்கும். ஃபேனையும் உன் பக்கம் திருப்பிக்கொள். எனக்கு வேண்டாம். நாற்பத்தைந்து வருஷமாகத் தாராவிப் புழுக்கத்தில் கிடந்த உடம்பு இது, காற்று பட்டால்தான் ஒத்துக்கொள்வதில்லை.

உன்னை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. போன தடவை வந்த ஹவல்தார் மராத்தியில் கேட்டார், நான் இந்தியில் சொன்னேன், அவர் தன் மனசுக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு போனார். ஏணி இல்லாததைக் கவனிக்காமல் பெண் தவறி விழுந்தாள் என்று மூன்று வரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் நான் இல்லை. நீ தமிழ்ப்பிள்ளை, ஜெபசெல்வி என்று பெயர் சொன்னாய், போலீசில் இருந்தாலும் நான் சொல்வதை நான் சொல்கிற மாதிரியே எழுதுவாய்.

எங்கள் தையல் கடையில் மூன்றாவது மெஷினில் இருக்கிற தமன்னா ஸ்டேஷனுக்கு வந்து ஏதோ சொன்னாளாமே. அவள் சொன்னது சரிதான். அவள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. காஜா எடுப்பதில் அவளை அடிக்க இந்த ஏரியாவில் ஆள் கிடையாது.

பெயர் இசக்கியம்மாள். வயது அறுபத்தொன்று. பதினாறில் கல்யாணமாகி இங்கே வந்தேன். நான் வந்தபோது நீ உட்கார்ந்திருக்கிற இடம் தண்ணீர். முட்டளவு கறுப்புத் தண்ணீர். என் வீட்டுக்காரர் சுயம்பு, மாட்டுங்காவில் எங்கே சுவர் இடித்தாலும் போய் அந்தக் கல்லையும் மண்ணையும் கைவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார். தேங்காய் மட்டை, தோல் வெட்டின கழிவு, உடைந்த ஓடு, எதுவும் விடவில்லை. நான் மிதித்து அமுக்குவேன். மூத்தவன் வயிற்றில் இருக்கும்போதும் மிதித்தேன். கார்ப்பரேஷன் வரைபடத்தில் அன்றைக்கு இது நிலமே இல்லை. இன்றைக்கு வந்து, இந்த நிலத்தை என்னவாக உபயோகிக்கிறாய் என்று என்னைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். பதில் சொல்ல எனக்கும் தெரியும்.

கீழே ஏழு மெஷின். நாலு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறோம். தலைக்கு மேலே தகரம் போட்டு ஒரு அறை, மாலா என்போம் இங்கே. அதற்கு உள்ளே படி கிடையாது. சந்துப் பக்கம் சுவரில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே இரும்பு ஏணி. பதினொரு அடி இருக்கும். இரண்டு கொக்கியில் மாட்டியிருக்கும், வேண்டும்போது கழற்றலாம். இந்தச் சந்தில் எல்லா மாலாவுக்கும் அப்படித்தான்.

சஃபீனாவும் அவள் மாப்பிள்ளை தௌசீப்பும் ஆறு வருஷமாக மேலே இருந்தார்கள். அவன் சான்பாடாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. விடியக் கிளம்பினால் பொழுதடைந்துதான் வருவான். அவள் மேலேயே உட்கார்ந்து எங்கள் சட்டைகளுக்குப் பட்டன் கட்டுவாள். கடையநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. கல்யாணமாகி வந்த அன்றைக்கு அந்த ஏணியைப் பார்த்துவிட்டு அழுதாள். நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். 'முகத்தைச் சுவரைப் பாத்து வச்சுக்க. முதுகு சந்தைப் பாத்து இருக்கணும். கீழ மட்டும் குனிஞ்சு பாத்திராத பிள்ள, தலை சுத்தும். காலைத் தொங்க விடு, அதுவே படியத் தேடிக்கிடும்' என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். அப்புறம் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவாள், பட்டன் கட்டின சட்டை மூட்டையோடு இறங்குவாள், ஒரு நாள் கீழே பார்த்ததில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அவள் மேல் எனக்குப் பகை என்று எழுதிவிடாதே. நோன்புக்கு அவள் கஞ்சி தருவாள், பொங்கலுக்கு என் வீட்டுப் பானையில் அவளுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவேன்.

விஷயம் நோட்டீஸில் வந்தது. மெயின் ரோட்டுப் பக்கம் பெரிய வியாபாரக் கட்டடம் வரப்போகிறது, அதற்காக ஒவ்வொரு இடமும் கடையா வீடா என்று வார்டு ஆபீஸிலிருந்து வந்து பார்த்து முடிவு செய்வார்கள் என்று போட்டிருந்தது. சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஞானதுரைதான் மராத்தியை வாசித்து எல்லாருக்கும் விளக்கினான்.

'முழுசும் கடைன்னு எழுதினா, புதுக் கட்டடத்துல ரோட்டைப் பாத்து கடை. மேல ஆள் குடியிருந்தா அது வீடு. வீட்டுக்காரங்களுக்கு வேற எடம், எங்கேன்னு அவனுக்கே தெரியாது. யக்கா, ஒங்க கதைதான் சிக்கல். கீழ தைக்கிய, மேல ஒருத்தி தூங்குதா. பேசாம அவளைத் தூக்கத்துல தைக்கச் சொல்லுங்க.'

எல்லாரும் சிரித்தார்கள். சஃபீனாவும் சிரித்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டீஸைக் கேட்டு வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், மராத்திக் காகிதம் அவளுக்கு எதற்கு?

ஆய்வுக்கு முந்தின சாயங்காலம் மேலே ஏறிப் போனேன். லைட் பில், கேஸ் சிலிண்டர் புத்தகம், ஓட்டுக் கார்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

'நாளைக்கு ஒருநா விக்ரோலில ஒங்க பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வா பிள்ள' என்றேன்.

'ஆபீசர் வாராருல்லா? நான் இருக்கணும்க்கா.'

'பொழுதடைய வந்துரு. ஒன்னைய நான் விட்டுருவேனா?'

'நீங்க விட மாட்டியக்கா. பேப்பர் விட்டுரும்' என்றாள். 'நாளைக்கு நான் போயிட்டா, அப்புறம் எந்த வீட்டுக்கு வாரது? ஆறு வருசமா நானும் இங்கதான இருக்கேன். எனக்கும் ஒரு கதவு நம்பர் வேணும்லா.'

மரியாதையாகத்தான் சொன்னாள். கோபமா என்று கேட்டு என் கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் இல்லை. அவள் கேட்டது நியாயம்தான். நான் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அந்த ஆபீஸ் காகிதத்தில் ஒரு இடத்துக்கு ஒரு வார்த்தைதான் எழுதலாம். இரண்டு நியாயத்துக்கு அதில் இடம் விடவில்லை. இடம் விடாதது நான் இல்லை, அந்தக் காகிதத்தை அச்சடித்தவன், தாயி. அவனிடம் போய் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

மறுநாள் காலை சந்தே சுத்தமாக இருக்க வேண்டும், நடக்கிற வழியில் எதுவும் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஆளாளுக்கு ஏணியைக் கழற்றினோம். எடுப்பதற்கு முன்னால் மேலே பார்த்துச் சத்தம் கொடுப்பது இங்கே வழக்கம். 'ஏணி எடுக்கோம், எறங்குங்க' என்று நாலு வீட்டில் கூப்பிட்டார்கள், நாலு வீட்டிலும் இறங்கினார்கள். எங்கள் வாசலில் நான் கூப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு வெல்டிங் கடை ராஜசேகர் வந்து தூக்கினான். 'மேல ஆள் இல்லையேக்கா?' என்று கேட்டான். 'மூணாம் படி விட்டுப்போச்சு, ஒட்டிக் கொண்டா' என்றேன். சஃபீனாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஏழு மெஷின் ஓடுகிற இடத்தில் அதெல்லாம் அவன் காதில் விழாது, ஏணி கழற்றுகிற சத்தம் அவள் காதிலும் விழாது.

அப்புறம் நான் உட்கார்ந்து காலர் தைத்தேன். பன்னிரண்டு காலர். ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்று தயவுசெய்து எழுதாதே. எனக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவளை மேலேயே விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். ஏணி இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறதே, கதவைத் திறந்து ஆபீசரைக் கூப்பிட்டு அங்கிருந்தே கவரை நீட்டுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளிடம் உண்டு. அதை மெச்சுகிறவள்தான் நான்.

பத்தரை இருக்கும். எழுந்து சந்துக்கு வந்தேன். மெஷினை நிறுத்திவிட்டு நூல் மாற்றிக்கொண்டிருந்த தமன்னாவுக்கு நான் சொன்னது கேட்டிருக்கிறது. உன்னிடம் அவள் சொன்னது அதுதானே? நானும் சொல்கிறேன், இரண்டும் ஒன்றா என்று பார்த்துக்கொள்.

'சஃபீனா, ஆபீசர் வந்துட்டாரு. பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டு சட்டுனு எறங்கி வா.'

'இந்தா வாரேங்க்கா.'

ஆபீசர் வரவில்லை. சந்தில் நான் மட்டும்தான் நின்றேன். கதவு திறந்தது. முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு, கவரை வாயில் கவ்விக்கொண்டு, எப்போதும்போலத் திரும்பினாள். வலது கால் முதலில் வெளியே வந்தது. படியைத் தேடியது. நான் சொல்லிக்கொடுத்தபடி, அவள் கீழே பார்க்கவில்லை.

தண்ணீர் வேண்டுமா? அந்தச் செம்பில் இருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டாயே. சரி, மெதுவாக எழுது.

சாக்கடை மூடி மேல் விழுந்தாள். சத்தம் பெரிதாக இல்லை. தமன்னாதான் ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஞானதுரை ஆட்டோ கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று தௌசீப் கேட்டான். எப்படிப் போவேன்? ஆய்வு இருந்ததே. ராஜசேகருக்கு ஆள் அனுப்பி ஏணியை வாங்கி மாட்டினேன். அதிகாரி வருவதற்கு முன்பே ஏணி திரும்பி வந்துவிட்டதே, பிறகு வழியைச் சுத்தம் செய்யத்தான் எடுத்தோம் என்பது எப்படிப் பொருந்தும் என்று நீ இப்போது யோசிக்கிறாய். முகத்தில் தெரிகிறது. அந்த ஹவல்தாருக்கு இது தோன்றவில்லை.

சாக்கடை மூடிக் கல்லைக் கழுவிவிட்டேன். துணி மூட்டை பதினான்கை மேலே ஏற்றச் சொன்னேன். தைக்கிற பிள்ளைகள் அழுதுகொண்டே தூக்கினார்கள். தமன்னா மட்டும் தொட மாட்டேன் என்று மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பங்கையும் நானே சுமந்தேன், இந்த வயதில். சஃபீனாவின் பாய், குக்கர், நாலு பாத்திரம் எல்லாம் மூட்டைக்குப் பின்னால் போயின. எதையும் உடைக்கவில்லை. சந்தில் சிதறிக் கிடந்த காகிதங்களையும் பொறுக்கித் துடைத்து அதே கவரில் வைத்து, சாயங்காலம் தௌசீப் கையில் கொடுத்தேன். ஒன்றும் குறையவில்லை, அவனையே கேட்டுப் பார்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு நான் கடையை அடைத்தேன். ஒரு நாள் முழுக்க.

போன வாரம் லிஸ்ட் வந்தது. வார்டு ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். என் இடத்துக்கு நேரே, கீழும் மேலும் சேர்த்து, வணிகம் என்று ஒரே வார்த்தை. ரோட்டைப் பார்த்த வரிசை. முட்டளவு தண்ணீரில் நின்றவளுக்கு ரோட்டைப் பார்த்து ஒரு கடை. இதற்கு நான் வெட்கப்பட வேண்டுமாம். ஞானதுரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் மாலாவில் இருந்த இரண்டு குடும்பம் ஆய்வுக்கு முந்தின நாளே பெட்டியோடு எங்கே போயிற்று என்று கேட்டாயா? இந்தச் சந்தில் எத்தனை மாலா, எத்தனை கதவு, லிஸ்டில் அதில் ஒருத்தர் பெயராவது இருக்கிறதா? எல்லாரும் மேலே இருந்தவர்களை இல்லாமல் ஆக்கினார்கள். நான் சொல்லிவிட்டுச் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு தடவை அந்த நோட்டீஸ் வந்தாலும் இதே காலரைத் தைத்து முடித்துவிட்டு இதே மாதிரி எழுந்திருப்பேன். அதையும் எழுதிக்கொள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டு, நான் கைநாட்டு இல்லை, எனக்கு எழுதத் தெரியும்.

ஒன்றே ஒன்று பாக்கி. அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டாள், ஆபீசரிடம் பொய் சொன்னாள் என்று சந்தில் பேசுகிறார்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு மணிக்கு வார்டு ஆபீஸ் என்ஜினியர் வந்தார். சின்ன வயது, வேர்த்து ஊற்றியது, பாவம். மோர் கொடுத்தேன். ஏணியில் நாலு படி ஏறி, கதவு வழியாக மூட்டைகளைப் பார்த்தார். இறங்கி, பேனாவை எடுத்துக்கொண்டு, மேலே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை சாஹேப் என்றேன். அவர் கேட்ட நேரத்துக்கு அது சத்தியமான வார்த்தை, தாயி. அதைப் பொய் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.